16 ஆம்பியருக்குள் ஒரு முழுச் சமையல்

கேள்வி இதுதான். சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு பழைய கட்டடம். அதில் ஒரு போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஒருமுனை மின்சாரம், போர்ஷன் முழுவதற்கும் ஒரே ஒரு 16 ஆம்பியர் எம்சிபி (பளு கூடினால் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்). கேஸ் செலவைக் குறைக்க 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பும் 700 வாட் ரைஸ் குக்கரும் வாங்கியிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டால் அரை மணி நேரத்துக்குள் எம்சிபி விழுந்துவிடுகிறது. குளியலறை கீஸரும் ஓடினால் பத்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை. வந்து பார்த்த எலக்ட்ரீஷியன், "32 ஆம்பியர் போட்டுவிடுகிறேன், பிரச்சினை தீர்ந்துவிடும்" என்கிறார். வீட்டுக்காரர் சுவரை உடைக்க விடமாட்டார். இந்த மின்சாரத்தை வைத்துக்கொண்டு நான்கு பேருக்குச் சமைக்க முடியுமா?

தாராளமாக முடியும். அந்த 32 ஆம்பியர் எம்சிபியை மட்டும் போட விடாதீர்கள்.

எம்சிபி இருப்பது அடுப்பைக் காப்பாற்ற அல்ல, சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பாற்ற. பழைய கட்டடங்களில் விளக்குக்கும் மின்விசிறிக்கும் 1/18 வயரும், பிளக் பாயிண்டுக்கு 3/20 வயரும் இழுப்பது வழக்கம். இன்றைய அளவில் முதலாவது 1.2 சதுர மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு; இரண்டாவது ஏறக்குறைய 2 சதுர மில்லிமீட்டர். பைப்புக்குள் மற்ற வயர்களோடு நெருக்கியடித்துக் கிடக்கும் இந்த வயர்கள் 30 ஆம்பியருக்கு உரியவை அல்ல. சாதாரண பிவிசி உறை 70 டிகிரி வரைதான் நம்பத்தக்கது. 32 போட்டால் எம்சிபி விழுவது நின்றுவிடும், வயர் சுடுவது நிற்காது. உறை கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, வெடித்து, ஒரு நாள் உள்ளே தாமிரம் தாமிரத்தைத் தொடும். சுவருக்குள் நடப்பது என்பதால் அதுவரை யாருக்கும் தெரியாது. வயரை மாற்றாமல் எம்சிபியை மட்டும் பெரிதாக்குகிற எலக்ட்ரீஷியனை, அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், அந்த ஒரு வேலைக்கு அனுமதிக்காதீர்கள்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஃபிரிட்ஜ் ஓடும்போது சுமார் 150 வாட். மூன்று மின்விசிறி, ஒவ்வொன்றும் 75 வாட். விளக்கு, டிவி, செல்போன் சார்ஜர் எல்லாம் சேர்த்து 150, 175 வாட். ஆக, சமையலறைக்குள் நுழைவதற்கு முன்பே 550 வாட், அதாவது 2.4 ஆம்பியர் போய்விடுகிறது. இண்டக்ஷன் முழு வேகத்தில் 8.7 ஆம்பியர், ரைஸ் குக்கர் 3 ஆம்பியர். கூட்டினால் 14 ஆம்பியர் சொச்சம். கீஸர் 2000 வாட் என்று வைத்துக்கொண்டால் அது சேரும்போது 22.8 ஆம்பியர். கீஸரோடு எம்சிபி விழுவது சரிதான். அது தன் வேலையைச் செய்கிறது. கீஸர் இல்லாதபோது ஏன் விழுகிறது என்பதுதான் யோசிக்க வேண்டியது. 14 ஆம்பியருக்கு 16 ஆம்பியர் எம்சிபி விழக்கூடாது.

எம்சிபிக்குள் இரண்டு காவல்கள் இருக்கின்றன. ஷார்ட் சர்க்யூட் ஆனால் ஒரு காந்தச் சுருள் கண்ணிமைப்பதற்குள் இழுத்து அணைத்துவிடும். பளு கூடினால், ஈருலோகப் பட்டை ஒன்று சூடாகி மெல்ல வளைந்து அணைக்கும். வீட்டு எம்சிபிக்கான தர விதிப்படி, அதன் அளவைப்போல் 1.13 மடங்கு மின்சாரம் ஓடினால் ஒரு மணி நேரம் வரை விழக்கூடாது, 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். 16க்கு இது 18 ஆம்பியரும் 23 ஆம்பியரும். இந்தக் கணக்கெல்லாம் சுற்றுவெப்பம் 30 டிகிரியில் போட்டது. சென்னையில், சமையலறையை ஒட்டிய சுவரில், அடைத்து மூடிய பெட்டிக்குள் இருக்கும் எம்சிபிக்கு 30 டிகிரி எங்கே கிடைக்கப்போகிறது? 45 டிகிரியில் அதே எம்சிபி இன்னும் சீக்கிரம் விழும். அதோடு, வயரைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருந்தால் அந்த இணைப்பே சூடாகி, அந்தச் சூட்டை உள்ளே இருக்கும் பட்டைக்கு அனுப்பும். ஓடும் மின்சாரம் 14தான். பட்டைக்குப் போய்ச் சேரும் வெப்பமோ 18க்கும் மேற்பட்ட ஆம்பியருக்கு உரியது. உடனே விழாமல் நேரம் கழித்து விழுகிறது என்று நீங்கள் சொன்னதை வைத்து, எனக்கு முதலில் தளர்ந்த திருகின் மேல்தான் சந்தேகம் போகிறது.

மெயினை அணைத்துவிட்டு அந்தத் திருகுகளை இறுக்கச் சொல்லுங்கள். வயர் முனை கறுத்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு, புதிதாகச் சீவி மாட்ட வேண்டும். எம்சிபி பல வருடப் பழசு என்றால் அதே 16 ஆம்பியரில், ஐஎஸ்ஐ முத்திரையுள்ள புதிது போடலாம். அதிகச் செலவில்லை. அப்படியே, விழுவது எம்சிபிதானா, பக்கத்தில் டெஸ்ட் பொத்தானோடு இருக்கும் ஆர்சிசிபியா என்றும் பாருங்கள். ஆர்சிசிபி விழுந்தால் விஷயமே வேறு: எங்கோ மின்கசிவு இருக்கிறது, பெரும்பாலும் கீஸரின் காயிலில். அங்கே பளுவைக் குறைத்துப் பயனில்லை.

அடுத்து நீங்களே பார்க்க வேண்டிய இடம், அடுப்பைச் செருகும் சாக்கெட். 2000 வாட் அடுப்புக்கு 16 ஆம்பியர் சாக்கெட்தான் பொருத்தம். பெரிய பிளக்கைச் சின்ன 6 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டுவதற்கு ஒரு கன்வெர்ட்டர் கடையில் கிடைக்கிறதே, அதை வாங்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம். சமைத்து முடித்து, அடுப்புக்குள் ஓடும் விசிறி நின்றதும் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கை உருவி, பித்தளை முள்ளைக் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. விரல் வைக்க முடியாமல் சுட்டாலோ, முள்ளின் அடியில் நீலமும் பழுப்புமாக நிறம் மாறியிருந்தாலோ, சாக்கெட் துளையின் ஓரம் பழுத்து உருகியிருந்தாலோ உள்ளே இருக்கும் பித்தளைக் கவ்வி இறுக்கத்தை இழந்துவிட்டது என்று பொருள். கவ்வி தளர்ந்தால் சூடு, சூட்டால் இன்னும் தளர்ச்சி. அது தானாக நிற்காது. அந்தத் தொடுமுனையில் 0.3 ஓம் தடை உருவானால் போதும், 8.7 ஆம்பியர் ஓடும்போது 22 வாட்டுக்கு மேல் வெப்பம் அந்த ஒரு புள்ளியிலேயே இறங்கும். ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மின்சார அடுப்பால் வீட்டில் தீப்பிடித்தது என்று கேள்விப்படும் சம்பவங்களில் அடுப்பு பெரும்பாலும் நிரபராதி. தீ தொடங்குவது இந்த மாதிரி முள்ளில், திருகில், சுற்றி ஒட்டிய வயரில்.

வீட்டில் உண்மையாக எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்கக் கருவி வாங்கத் தேவையில்லை. மின்வாரிய மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை மின்னும் என்பது மீட்டர் முகத்திலேயே அச்சடித்திருக்கும். 3200 அல்லது 1600 என்று இருப்பதைப் பரவலாகக் காணலாம். 3200 மீட்டரில், ஒரு நிமிடத்தில் மின்னும் எண்ணிக்கையை 18.75 ஆல் பெருக்கினால் வாட் கிடைக்கும். 100 முறை மின்னினால் சுமார் 1900 வாட். வேகமாக மின்னினால் செல்போனில் படம் பிடித்து மெதுவாக ஓட்டி எண்ணுங்கள். இதில் இன்னொரு பயன் உண்டு. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விளக்கு நிமிடத்துக்குப் பல முறை மின்னினால், உங்கள் லைனிலிருந்து வேறு ஏதோ ஓடுகிறது. போர்ஷன் வீடுகளில் மாடிப்படி விளக்கும், பக்கத்துக் குளியலறை பாயிண்டும், சில சமயம் பொது மோட்டாரும்கூட யாரோ ஒருவர் லைனில் தொங்கிக்கொண்டிருக்கும். 14 ஆம்பியர் என்று நாம் போட்ட கணக்கு எங்கே தவறியது என்பது அப்போது தெரிந்துவிடும்.

இரண்டு அபாய அறிகுறிகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுப்பைப் போட்டதும் விளக்கு லேசாக மங்குவது இயல்பு. அடுப்பைப் போட்டதும் ஏதாவது விளக்கு வழக்கத்தைவிடப் பிரகாசமானாலோ, வீட்டில் வோல்டேஜ் ஏறி ஏறி இறங்கினாலோ, நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) தளர்ந்திருக்கிறது. மும்முனை இணைப்பிலிருந்து பல போர்ஷன்களுக்குப் பிரித்த கட்டடத்தில் பொது நியூட்ரல் விட்டுப்போனால் ஒரு போர்ஷனுக்கு 150 வோல்ட்டும் இன்னொன்றுக்கு 300க்கு மேலும் போகும். ஃபிரிட்ஜும் டிவியும் சேர்ந்து எரிந்துவிடும். மெயினை அணைத்துவிட்டு உடனே மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். மற்றொன்று எர்த். பழைய போர்ஷன்களில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், மேல் துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. ஈரக் கையோடு நின்று சமைக்கிற இடம் அது. எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதிக்காமல் அந்தச் சாக்கெட்டில் ரைஸ் குக்கரை மாட்டாதீர்கள்.

இவையெல்லாம் சரியாகிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். 16 ஆம்பியரில் 80 சதவீதத்துக்குள் ஓட்டினால் எம்சிபியும் வயரும் நிம்மதியாக இருக்கும். அது 12.8 ஆம்பியர், 2900 வாட் சொச்சம். ஃபிரிட்ஜ், மின்விசிறி போக அடுப்படிக்கு 2300, 2400 வாட் கிடைக்கிறது. இண்டக்ஷனை 1400 வாட்டில் வைத்து ரைஸ் குக்கரைச் சேர்த்தால் 2100. இந்த இரண்டும் எந்த நேரத்திலும் சேர்ந்து ஓடலாம்.

2000 வாட் அடுப்பை வாங்கி 1400இல் ஓட்டினால் சமையல் தாமதமாகுமே, மின்சாரமும் கூடச் செலவாகுமே என்று நினைப்பீர்கள். ஒரு லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர, அடுப்பின் இழப்பையும் சேர்த்து, ஏறக்குறைய பத்தில் ஒரு யூனிட் வேண்டும். 2000 வாட்டில் அது மூன்று நிமிடம், 1000 வாட்டில் ஆறு நிமிடம். மூடி போட்டிருந்தால் யூனிட் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கொதி வந்த பிறகு இன்னும் சுவாரசியம். தண்ணீர் எவ்வளவு கொந்தளித்தாலும் 100 டிகிரியைத் தாண்டாது. பொங்கிப் பொங்கிக் கொதிக்கும் குழம்பும், ஓரத்தில் மட்டும் குமிழி விடும் குழம்பும் ஒரே சூட்டில்தான் வேகின்றன. முன்னதில் நீராவியாகப் போவது உங்கள் மின்சாரம். மூடிய பாத்திரத்தில் கொதியைத் தக்கவைக்க 300, 400 வாட் போதும். நான்கு பேர் சமையலில் முழு வேகம் தேவைப்படும் நேரம் மிகக் கொஞ்சம்.

குறைந்த வாட்டில் ஓட்டும்போது ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். விலை குறைந்த இண்டக்ஷன் அடுப்புகள் பலவற்றில் 300 என்று வைத்தால் அது தொடர்ந்து 300 வாட் எடுக்காது. சில வினாடிகள் 1000 வாட்டுக்கு மேல் இழுக்கும், சில வினாடிகள் சும்மா இருக்கும், சராசரிதான் 300. மீட்டர் விளக்கு சற்று நேரம் படபடவென்று மின்னி, பிறகு நிதானமாவதைப் பார்த்தாலே தெரியும். ஆகவே ஒரே நேரத்துப் பளுவைக் கூட்டும்போது அந்த அடுப்புக்கு 300 என்று எழுதாதீர்கள், 1200 என்றே எழுதுங்கள்.

சோற்றை ரைஸ் குக்கருக்கே விட்டுவிடுங்கள். சிறிய இணைப்புக்கு இதைவிட ஏற்ற கருவி கிடையாது. பாத்திரத்தின் அடியில் ஸ்பிரிங் வைத்த ஒரு காந்தம் இருக்கிறது. அரிசியில் தண்ணீர் உள்ள வரை அடிப்பகுதி 100 டிகிரிக்கு மேல் போகாது. தண்ணீர் வற்றியதும் சூடு சட்டென்று ஏறும், காந்தம் பிடியை விடும், சுவிட்ச் "டக்" என்று மேலே வரும். அத்தோடு 700 வாட் நின்று, சோற்றைச் சூடாக வைக்கும் சிறு மின்சாரம் மட்டும் ஓடும். சாப்பிட வெகுநேரம் ஆகும் என்றால் அதையும் பிளக்கோடு அணைத்துவிடலாம். மூடியைத் திறக்காமல் விட்டால் ஒரு மணி நேரமாவது சோறு சூடாக இருக்கும். புழுங்கலரிசியை அரை மணி நேரம் ஊறவைத்துப் போட்டால் பதமும் நன்றாக வரும், நேரமும் குறையும்.

பருப்புக்கு இண்டக்ஷனில் பிரஷர் குக்கர். அடி காந்தத்தில் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். சாதாரண அலுமினியக் குக்கர் இதில் சூடாகாது. கேஸில் பழகியவர்கள் இங்கே தடுமாறுவது விசில் எண்ணிக்கையில். முழு வேகத்தில் வைத்தால் தண்ணீர் மளமளவென்று கொதித்து மூன்று விசிலும் அடுத்தடுத்து வந்துவிடும், துவரம்பருப்பு வெந்திருக்காது. விசில் வருவது அழுத்தம் நிரம்பியதைத்தான் சொல்கிறது, பருப்பு வெந்ததைச் சொல்லவில்லை. பருப்பை அரை மணி நேரம் ஊறவையுங்கள். 1400 வாட்டில் முதல் விசில் வரட்டும். பிறகு 400, 500க்குக் குறைத்து, கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம். அணைத்துவிட்டு, அழுத்தம் தானாக இறங்கும்வரை திறக்காதீர்கள். அந்த நேரமும் வேகும் நேரம்தான், மீட்டர் ஓடாத நேரம். கொண்டைக்கடலை, ராஜ்மாவுக்கு இரவே ஊறவைப்பது கட்டாயம். ஊறாத கடலையை மின்சாரத்தில் வேகவைப்பது அநியாயச் செலவு.

இட்லிக்கு 1000 வாட் போதும், நீராவி வந்த பிறகு 800கூடப் போதும். தோசைதான் கொஞ்சம் பொறுமை கேட்கும். அடுப்புக்குள் இருக்கும் சுருள் சாதாரணமாக 18, 20 சென்டிமீட்டர் அகலம். அந்த அகலத்துக்கு வெளியே நீளும் கல்லின் ஓரம் நேரடியாகச் சூடாகாது. நடுவில் கருகி ஓரம் வெளுத்த தோசை வருவது அதனால்தான். அடி தட்டையான, கனமான வார்ப்பிரும்புக் கல்லை 700, 800 வாட்டில் ஐந்தாறு நிமிடம் விட்டுச் சூடு பரவிய பிறகு ஊற்றுங்கள். எடுத்ததும் 1800 வைத்தால் மெல்லிய கல் நடுவில் தூக்கிக்கொள்ளும், பிறகு எந்த நாளும் அடுப்பில் படிந்து உட்காராது. அடுப்பை அணைத்ததும் சுவர் சுவிட்சை உடனே அணைக்காதீர்கள். உள்ளே இருக்கும் விசிறி சற்று நேரம் ஓடி மின்னணுப் பாகங்களைக் குளிர்விக்க வேண்டும். அடியில் காற்று போகும் துளைகளையும் சுத்தமாக வையுங்கள். நம் ஊரில் இண்டக்ஷன் அடுப்புகளுக்கு முதல் எதிரி அந்தத் துளை வழியே குடிபுகும் கரப்பான் பூச்சி.

காலை நேர நெரிசலுக்குக் காரணம் கீஸர். 25 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குக் கொண்டுவர 2000 வாட் கீஸருக்கு இருபது நிமிடம்தான் ஆகிறது. அதை இரண்டு மணி நேரம் போட்டு வைப்பதுதான் வழக்கமாகிவிட்டது. எழுந்ததும் பாலைக் காய்ச்சி இறக்கிவிட்டு கீஸரைப் போடுங்கள். அந்த இருபது, இருபத்தைந்து நிமிடம் காய் நறுக்கும் நேரமாக இருக்கட்டும். அரிசியும் பருப்பும் அதற்குள் ஊறியிருக்கும். கீஸரை அணைத்த பிறகு ரைஸ் குக்கரும் பருப்பும் சேர்ந்து ஏறலாம். பருப்பு இறங்கியதும் அதே அடுப்பில் பொரியல், பிறகு குழம்பைத் தாளித்துக் கொதிக்கவிடுவது. மிக்ஸி 750 வாட் என்றாலும் ஓரிரு நிமிட வேலை, அதற்காகக் கவலைப்பட வேண்டாம். இஸ்திரிப் பெட்டியைச் சமையல் நேரத்தில் எடுக்கக்கூடாது என்று வீட்டில் சொல்லி வையுங்கள். உடனடிச் சூடு தரும் 3000 வாட் கீஸர் உங்கள் வீட்டில் இருந்தால், அது ஒன்றே 13 ஆம்பியரை எடுத்துக்கொள்ளும். அது ஓடும்போது அடுப்படியில் எதுவும் ஓடக்கூடாது.

மாலை ஏழு மணிக்கு மேல் வோல்டேஜ் இறங்கும் பகுதிகளில் இரண்டு கருவிகளும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். ரைஸ் குக்கரில் இருப்பது வெறும் காயில். 230இலிருந்து 180 வோல்ட்டுக்கு இறங்கினால் 700 வாட் குக்கர் 430 வாட்டாகிவிடும், சோறு தாமதமாகும், வேறு தொந்தரவு இல்லை. இண்டக்ஷன் அடுப்போ வாட்டைக் காப்பாற்ற முடிந்தவரை அதிக ஆம்பியரை இழுக்கும், ஓர் அளவுக்குக் கீழே பிழை எண் காட்டி நின்றுவிடும். ஃபிரிட்ஜுக்கு வைத்திருக்கும் ஸ்டெபிலைசரில் அதை மாட்டினால் ஸ்டெபிலைசர் எரியும். மாலைச் சமையலை ஆறு மணிக்கே முடிப்பது, அல்லது பருப்பை மட்டும் காலையிலேயே சேர்த்து வேகவைத்து எடுத்து வைப்பது நல்லது.

செலவு விஷயத்துக்கு வருகிறேன். 14.2 கிலோ சிலிண்டரில் அடங்கியுள்ள வெப்பம் சுமார் 180 யூனிட்டுக்குச் சமம். கேஸ் அடுப்பில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் பாத்திரத்துக்குப் போய்ச் சேருகிறது, இண்டக்ஷனில் 85 சதவீதம் வரை. ஆக, ஒரு சிலிண்டர் செய்யும் சமையலை 125 முதல் 140 யூனிட்டுக்குள் முடிக்கலாம். உங்கள் சிலிண்டர் 45 நாள் வந்தால், இரண்டு மாத மின்கணக்கில் 190 யூனிட் வரை கூடும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விகிதம் மாறிவிடும். இப்போது 250 ஓடுகிற வீடு என்றால் சமையலைத் தாராளமாக மாற்றலாம். 400 ஓடுகிற வீடு என்றால் சோறு, பருப்பு, பால், வெந்நீர் மட்டும் மின்சாரத்தில், மற்றது கேஸில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தனி இணைப்பு இல்லாமல் வீட்டுக்காரரின் சப்-மீட்டர் என்றால், அவர் யூனிட்டுக்கு வாங்கும் விலையை 130ஆல் பெருக்கிச் சிலிண்டர் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல போர்ஷன்களில் அந்தக் கணக்கில் கேஸ்தான் மலிவாக வரும். கேஸ் இணைப்பை எப்படியும் ஒப்படைத்துவிடாதீர்கள். மின்தடையன்று அதுதான் கைகொடுக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் இண்டக்ஷனை ஓட்டும் எண்ணம் வேண்டாம். 850 வோல்ட்-ஆம்பியர் இன்வெர்ட்டருக்கு அது தாங்காது. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 100 ஆம்பியருக்கு மேல் இழுத்தால் பேட்டரியும் சீக்கிரம் செத்துவிடும்.

இனிமேல் ஏதாவது வாங்குவதாக இருந்தால் 1000 வாட் எலக்ட்ரிக் பிரஷர் குக்கரைச் சிபாரிசு செய்வேன். அழுத்தம் வந்த பிறகு அவ்வப்போது மட்டுமே மின்சாரம் எடுக்கும், வெப்பம் வெளியே போவதும் குறைவு. கம்பிச் சுருள் வெளியே தெரியும் பழைய ஹீட்டர் அடுப்பைக் கண்ணால்கூடப் பார்க்காதீர்கள். அந்தச் சுருளில் மின்சாரம் நேராக ஓடுகிறது. பாத்திரம் அதைத் தொட்டால் பாத்திரத்திலும், கரண்டி வழியே கையிலும் பாயும்.

வீட்டுக்காரரிடம் பேசும்போது "வயரிங் மாற்ற வேண்டும்" என்று ஆரம்பிக்காதீர்கள். வீடு முழுவதையும் உடைக்கப்போகிறீர்கள் என்று பயந்துவிடுவார். மெயினிலிருந்து அடுப்பு மேடை வரை ஒரே ஒரு தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர், கூடவே எர்த் வயர், சுவரின் மேல் ஓடும் பிளாஸ்டிக் கேசிங், முனையில் ஒரு 16 ஆம்பியர் சாக்கெட், தொடக்கத்தில் அதற்கென்று தனி எம்சிபி. சுவரில் உளி படாது, திருகுத் துளைகள் மட்டும்தான். வேலை அரை நாளில் முடியும். செலவை நீங்கள் ஏற்று, காலி செய்யும்போது வாடகையில் கழித்துக்கொள்வதா விட்டுவிடுவதா என்று முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். தனி லைன் வந்த பிறகும் வீட்டுக்கு வரும் மொத்த மின்சாரம் கூடிவிடாது. மெயினில் உள்ள 16 அப்படியேதான் இருக்கும், மேலே சொன்ன 80 சதவீதக் கணக்கும் அப்படியேதான். அதையும் கூட்ட வேண்டும் என்றால் மின்வாரியத்தில் கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பித்து, மீட்டர் பலகையிலிருந்து போர்ஷன் வரை வரும் வயரையும் சேர்த்து மாற்றியாக வேண்டும். விண்ணப்பம் வீட்டுக்காரர் பெயரில்தான் போக வேண்டியிருக்கும். உங்கள் நான்கு பேர் சமையலுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. முதலில் அந்தத் திருகை இறுக்கிப் பாருங்கள்.